கடல் விட்டுவைத்த ஊர்கள்: பூம்புகார் முதல் கோடியக்கரை வரை

இந்தக் கரைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வேனில் வருகிறார்கள். காலையில் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம், மதியம் திருநள்ளாறு, சாயங்காலம் நாகூர், ராத்திரி வேளாங்கண்ணியில் அறை. நடுவில் எங்கோ, "தரங்கம்பாடியில் ஒரு கோட்டை இருக்கிறதாம், அரை மணி நேரம் பார்த்துவிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். சித்திரை மாதம், மதியம் ஒரு மணி. கோட்டைச் சுவரும் கண் கூசும் கடலும் தவிர எதுவும் மனதில் தங்கவில்லை. அந்த ஊரை உண்மையில் பார்த்தது பல வருடங்கள் கழித்து, ஒரு தை மாதக் காலையில், நடந்து.

அதனால் இந்த அத்தியாயம் கேட்பது முதலில் நேரத்தைத்தான். பூம்புகாரிலிருந்து கோடியக்கரை வரை கரையோரமாக ஏறத்தாழ 120 கிலோமீட்டர். காரில் மூன்று மணி நேரத்தில் கடந்துவிடலாம், ஆனால் அப்படிக் கடக்காதீர்கள். தரங்கம்பாடியில் ஓர் இரவு, நாகப்பட்டினத்தில் ஓர் இரவு, வேதாரண்யத்தில் ஓர் இரவு என்று மூன்று இரவுகளை ஒதுக்குங்கள். முடியாதவர்கள் ஊர்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள், தங்கும் நேரத்தைக் குறைக்காதீர்கள்.

புறப்படுமுன்

மார்கழிக் கடைசியிலிருந்து மாசி முடியும்வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இங்கே முழு வேகத்தில் இறங்கும். 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியது வேதாரண்யத்தை ஒட்டித்தான். பங்குனிக்குப் பிறகு வெயில் சுவரையும் தரையையும் தொட விடாது. எந்த மாதமானாலும் காலை ஆறிலிருந்து பத்து வரை, மாலை நான்கிலிருந்து இருட்டும்வரை என்று நாளை இரண்டாகப் பிரித்துக்கொண்டு, நடுப்பகலைச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் விட்டுவிடுங்கள்.

தொடர்வண்டியில் வருகிறவர்களுக்கு மயிலாடுதுறை நல்ல தொடக்கம். அங்கிருந்து பூம்புகாருக்கும் தரங்கம்பாடிக்கும் பேருந்து உண்டு. கரையோரம் ஊருக்கு ஊர் டவுன் பஸ்ஸிலேயே போய்விடலாம். அதில் ஏறினால் ஊர்ப்பேச்சும் காதில் விழும்.

இன்னொரு தயாரிப்பும் வேண்டும், இதைப் பெரும்பாலான வழிகாட்டிகள் சொல்வதில்லை. இந்தக் கரையின் மிகச் சிறந்த பொருள்கள் இந்தக் கரையில் இல்லை. நாகப்பட்டினத்துப் புத்தர் செப்புத் திருமேனிகளைப் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். பூம்புகாருக்குப் பக்கத்திலுள்ள திருவெண்காட்டின் அர்த்தநாரியும் அங்கேதான். காளை இல்லாமலேயே காளையின் மேல் சாய்ந்து நிற்கும் திருவெண்காட்டு ரிஷபவாகனர், முதலாம் இராஜராஜன் காலத்து வார்ப்பு, தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் நிற்கிறார். வழியில் எழும்பூரையோ தஞ்சையையோ பார்த்துவிட்டு வாருங்கள். பார்க்காமல் வந்தால் நாகப்பட்டினம் ஒரு சாதாரண மீன்பிடி நகரமாகத் தெரியும், பூம்புகார் ஒரு மணல் மேடாகத் தெரியும்.

பூம்புகார்

மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம், நாளங்காடி, அல்லங்காடி என்று பள்ளிக்கூடத்தில் படித்த பெயர்களோடு வருகிறவர்களுக்கு முதலில் ஏமாற்றம்தான் வரும். காவிரி கடலில் சேரும் இடத்தில் அது மெலிந்த ஒரு வாய்க்கால். ஆடிப்பெருக்குக்கு வந்தால்தான் ஆறு என்று சொல்லலாம்.

எல்லோரும் போவது சிலப்பதிகாரக் கலைக்கூடத்துக்கு. 1973-இல் திறக்கப்பட்ட அந்த எழுநிலை மாடத்தில் கண்ணகி கதை 49 கற்புடைப்புகளாக ஓடுகிறது. புதுப்பிப்புப் பணிகள் நடந்த இடம் என்பதால் திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். காப்பியத்தைப் படிக்காத குழந்தைகளைக் கூட்டிப்போனால் ஒவ்வொரு புடைப்பின் முன்னும் நின்று கதை சொல்லுங்கள். பெயர்ப்பலகை சொல்வது போதாது.

நான் அனுப்ப நினைப்பது அங்கிருந்து உள்ளே தள்ளியிருக்கும் இரண்டு இடங்களுக்கு. ஒன்று கீழையூர். அங்கே தோண்டியபோது செங்கல் மேடையும், படகு கட்ட நட்ட மரக்கம்பங்களும் கிடைத்தன. கம்பத்தின் மரத்தைக் கார்பன் முறையில் ஆய்ந்ததில் காலம் கி.மு. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டியது என்று தெரிந்தது. இன்னொன்று பல்லவனேஸ்வரம். கோயிலுக்கு அருகே வேலிக்குள் ஒரு பௌத்த விகாரத்தின் செங்கல் அடித்தளம் கிடக்கிறது. அங்கே புத்தர் பாதம் பொறித்த பளிங்குக் கல்லும் சிறிய செப்புப் புத்தரும் கிடைத்தன. பார்ப்பதற்கு முழங்கால் உயரச் செங்கல் வரிசைகள்தான். ஆனால் மணிமேகலை நடந்த ஊரில் துறவிகளின் மடம் உண்மையிலேயே இருந்தது என்பதற்கு அந்த வரிசைகள்தான் சாட்சி. கலைக்கூடத்தில் செலவழித்த நேரத்தில் பாதியாவது இங்கே செலவழியுங்கள்.

கரையில் அலை பழைய ஓட்டாஞ்சில்லுகளைக் கொண்டுவந்து போடும். எடுத்துப் பாருங்கள், அங்கேயே வைத்துவிடுங்கள்.

தரங்கம்பாடி

கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து இடப்பக்கம் திரும்பியதும் வெள்ளையடித்த ஒரு நகர வாயில் வரும். 1792-இல் கட்டியது. வண்டியை வெளியிலேயே நிறுத்திவிட்டு அதன் வழியாக நடந்து போங்கள். ராஜா தெரு நேராகக் கடலைப் பார்த்து ஓடும். பத்து நிமிடத்தில் முடியும் தெரு அது, ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ராஜா தெருவில் இரண்டு தேவாலயங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைக் கண்டு பலர் குழம்புவார்கள். சீயோன் ஆலயம் 1701-இல் கட்டியது, கோட்டையிலிருந்த டேனிஷ்காரர்களுக்கானது. புதிய எருசலேம் ஆலயம் 1718-இல் எழுந்தது, தமிழ்ச் சபைக்காக. இரண்டாவதைக் கட்டியவர் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க். 1706 ஜூலை 9-ஆம் தேதி சக மிஷனரி புளுச்சோவுடன் இங்கே வந்து இறங்கியபோது அவருக்கு வயது 23. பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். தமிழ் ஏட்டுச்சுவடிகளைச் சேர்த்து 1708-இல் அவற்றுக்கு ஒரு பட்டியலே போட்டார். கோட்டைத் தளபதியோடு மோதி அதே கோட்டைக்குள் நான்கு மாதம் சிறையும் இருந்தார். 1719-இல் இறந்தார், வயது 36. தான் கட்டிய ஆலயத்துக்குள்ளேயே அடக்கமாகியிருக்கிறார். வழிபாட்டு நேரம் தவிர மற்ற நேரங்களில் உள்ளே போய்ப் பார்க்கக் கேட்டால் அனுமதிப்பார்கள்.

ஒரு திருத்தத்தை இங்கே சொல்லியாக வேண்டும். கோட்டையில் ஒரு முறை பள்ளி மாணவர்களிடம் ஒருவர், "தமிழில் முதல் புத்தகம் அச்சானது இங்கேதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578-லேயே கொல்லத்தில் வெளிவந்துவிட்டது. தரங்கம்பாடியின் பெருமை வேறு. ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்து அச்சுகள் வந்தன. அவை பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். பக்கத்துப் பொறையாறில் காகிதப் பட்டறை வைத்தார்கள். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. எழுத்து, காகிதம், அச்சு மூன்றையும் ஓர் ஊரில் சேர்த்து அச்சுத் தொழிலைத் தொடர்ந்து நடத்திய இடம் இது. தமிழில் படிக்கிற ஒவ்வொருவரும் ஒரு முறையாவது வந்து நிற்க வேண்டிய தெரு என்று இதை நினைக்கிறேன். பிள்ளைகளிடம் இந்த உண்மையையே சொல்லுங்கள்.

அடுத்தது டான்ஸ்போர்க் கோட்டை. தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620-இல் செய்த ஒப்பந்தத்தின் பேரில் ஓவே கெட்டே என்ற டேனிஷ் தளபதி கட்டத் தொடங்கியது. நாயக்கர் தங்க ஏட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. கோட்டையில் கீழ்த்தளம் கிடங்குக்கும் சிறைக்கும், மேல்தளம் ஆளுநருக்கும் வணிகர்களுக்கும். மேல்தள மண்டபத்தின் வளைவுகள் ஒட்டக முதுகு போல ஏறி இறங்கும். உள்ளேயிருக்கும் சின்ன அருங்காட்சியகத்தில் ஒப்பந்தத்தின் படி, பீங்கான், காசுகள் என்று வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை விடுமுறையாக இருக்க வாய்ப்புண்டு, வேறு நாளில் வருவது நல்லது.

கோட்டைச் சுவரில் ஏறி வடக்கே பாருங்கள். கடலை ஒட்டி மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. ஊருக்கு அப்போது குலசேகரன்பட்டினம் என்ற பெயரும் இருந்தது. கோயிலின் முன்பகுதியைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்ததைப் புதுப்பித்து, கருங்கல்லைக் கொட்டி அணைகட்டிக் காத்து வைத்திருக்கிறார்கள். அலையடிக்கும் நேரத்தில் அந்தக் கற்களின் மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள். பாசி வழுக்கும்.

இவ்வளவு சின்ன ஊர் எப்படி இப்படியே நின்றது? டேனிஷ்காரர்கள் 1845-இல் வங்காளத்து செராம்பூரோடு சேர்த்து இதை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். ஆங்கிலேயருக்கு நாகப்பட்டினம் போதுமானதாக இருந்தது. ரயிலும் 1861-இல் நாகையிலிருந்துதான் தஞ்சைக்குப் போனது. வியாபாரம் போனதும் புதிதாக இடித்துக் கட்ட யாருக்கும் பணமில்லை. அதனால்தான் தெருக்கள் இன்னும் பழைய கோட்டிலேயே இருக்கின்றன. பழுதுபார்த்த சில வீடுகளில் இப்போது தங்கவும் செய்யலாம். அவற்றில் ஒன்றில் இரவு தங்கினால் விடியற்காலையில் கரையில் வலை இழுப்பதைப் பார்க்கலாம்.

காரைக்கால், நாகூர்

காரைக்காலை இந்த வழியில் வேகமாகக் கடக்கலாம். 1739-இலிருந்து 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த ஊர், ஆனால் புதுச்சேரியைப் போல அதன் தடம் தெருவில் தெரியாது. ஆனி மாதப் பௌர்ணமிக்கு வந்தால் மட்டும் நின்றுவிடுங்கள். காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து மாம்பழங்களை வாரி இறைப்பார்கள், கீழே ஊரே கையேந்தி நிற்கும்.

நாகூரில் தூரத்திலேயே தர்காவின் மினாராக்கள் தெரியத் தொடங்கும். மொத்தம் ஐந்து. அவற்றில் மிக உயரமான பெரிய மினாரா, 131 அடி, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டிக் கொடுத்தது. ஷாகுல் ஹமீது ஆண்டவர் அடங்கிய இந்த இடத்துக்கு எல்லா மதத்தவரும் வருகிறார்கள். தலைக்கு ஒரு துணி எடுத்துப் போங்கள், காலணியைக் கழற்றி வைத்துவிடுங்கள். வியாழக்கிழமை இரவில் கூட்டம் அதிகம். ஓட்டையாகிப் போன கப்பலை ஆண்டவர் காப்பாற்றிய கதையை இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கடலோடிகள் இந்த நம்பிக்கையைத் தங்களோடு எடுத்துப் போய்ச் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் நாகூர் தர்காவை எழுப்பினார்கள். ஆண்டுதோறும் நடக்கும் கந்தூரி விழா தொடங்கும்போது நாகப்பட்டினத்திலிருந்து கொடிகள் கப்பல் வடிவ ரதங்களில் ஊர்வலமாக வரும். அந்த நாட்களில் அறை கிடைப்பது கடினம்.

வெளியே வந்ததும் கடைவீதியில் அல்வா வாங்கலாம். இறால் வைத்த 'வாடா' என்ற பலகாரம் கிடைத்தால் சூடாகவே தின்றுவிடுங்கள்.

நாகப்பட்டினம்

எழும்பூரைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்குத்தான் இந்த ஊர். ஸ்ரீவிஜயத்தின் அரசன், நம் கல்வெட்டுகள் கடாரத்தரசன் என்று சொல்பவன், முதலாம் இராஜராஜன் காலத்தில் இங்கே சூடாமணி விகாரத்தை எழுப்பினான். அதற்கு இராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். அந்தக் கொடையை அவன் மகன் இராஜேந்திரன் செப்பேட்டில் பொறித்தான். அதே இராஜேந்திரன்தான் 1025-இல் கடாரத்தின் மேல் கப்பற்படை அனுப்பியவன். அந்தச் செப்பேடுகள் டச்சுக்காரர்கள் காலத்தில் நெதர்லாந்துக்குப் போய், லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தன. வரலாற்றுப் புத்தகங்களில் அவை லெய்டன் செப்பேடுகள் ஆனது அப்படித்தான்.

விகாரத்தோடு தொடர்புடைய ஒரு செங்கல் கோபுரம் 19-ஆம் நூற்றாண்டு வரைக்கும் நின்றது. ஊரார் புதுவெளிக் கோபுரம் என்றார்கள், வெள்ளைக்காரர்கள் சீனக் கோபுரம் என்றார்கள். கப்பல்களுக்கு அது அடையாளம். 1867-இல் அதை இடித்தார்கள். 1856-இலிருந்து பல பத்தாண்டுகள் இந்த ஊர் மண்ணிலிருந்து கிட்டத்தட்ட 350 புத்தர் திருமேனிகள் வெளிவந்தன. இன்று நாகையில் விகாரம் என்று காட்ட எதுவும் நிற்கவில்லை. ஆனாலும் போகச் சொல்கிறேன். வெளிப்பாளையத்திலும் கடற்கரைச் சாலையிலும் நடக்கும்போது உங்கள் காலடியில் என்ன இருந்தது என்று தெரிந்து நடப்பது வேறு, தெரியாமல் நடப்பது வேறு. இந்த ஊருக்கு ஒரு நல்ல பௌத்த அருங்காட்சியகம் வேண்டும், எழும்பூரில் இருப்பவற்றில் சிலவாவது இங்கே திரும்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காயாரோகணேசுவரர் கோயிலுக்குப் போங்கள். அம்மன் நீலாயதாட்சி. மீனவரான அதிபத்த நாயனார் இந்த ஊர்க்காரர். நாள்தோறும் வலையில் விழும் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலில் விட்டவர், கடைசியில் பொன் மீன் ஒன்றே கிடைத்த அன்றும் அதை விட்டுவிட்டார். ஆவணி ஆயில்யத்தில் நடக்கும் அவர் விழாவில் மீனவர்கள் கரைக்கு வந்து அந்தக் காட்சியை நடத்துவார்கள். பக்கத்திலேயே சௌந்தரராஜப் பெருமாள் கோயில், மங்களாசாசனம் பெற்ற தலம்.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலை இந்த மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சுனாமியில் இறந்தார்கள். மீனவர் குடியிருப்புகளில் நினைவிடங்கள் இருக்கும். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். யாராவது தானாகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாகக் கிளறாதீர்கள்.

நாகைத் துறைமுகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கியது. மழைக்காலத்தில் நிற்கும். அந்த வழியாக வருகிற ஈழத்து வாசகர்கள் இந்த அத்தியாயத்தை நாகையிலிருந்து வடக்கும் தெற்குமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

வேளாங்கண்ணி

தெரியாதவர்கள் இல்லை, அதனால் நீட்டவில்லை. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா. கட்டிடத்தைப் பார்க்க மட்டும் வருகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள், நடந்தே வரும் காவியுடைப் பக்தர்களைப் பார்க்க வருகிறவர்கள் அந்த நாட்களிலேயே வாருங்கள். கடலில் இறங்க வேண்டாம். இங்கே அலை இழுக்கும்.

வேதாரண்யமும் கோடியக்கரையும்

வேளாங்கண்ணி தாண்டியதும் நிலம் மாறும். மரங்கள் குள்ளமாகும், காற்றில் உப்பு ஏறும், பாத்தி பாத்தியாக உப்பளம் தொடங்கும். வேதாரண்யேசுவரர் கோயிலின் கதவை அப்பர் பாடித் திறந்தார், சம்பந்தர் பாடி அடைத்தார் என்பது தலவரலாறு. அந்தக் கதவின் முன் நின்றுவிட்டு அகத்தியம்பள்ளிக்குப் போங்கள்.

1930 ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜி உப்புச் சத்தியாகிரகத்துக்காக ஏறத்தாழ நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கினார். இவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் அறிவித்தார். ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். 28-ஆம் தேதி வேதாரண்யம் வந்து, 30-ஆம் தேதி அகத்தியம்பள்ளியில் உப்பை அள்ளி ராஜாஜி கைதானார். அந்த இடத்தில் நினைவுத்தூண் நிற்கிறது. ஏற்பாடுகளைத் தோளில் சுமந்த சர்தார் வேதரத்தினம் பிள்ளை தொடங்கிய கஸ்தூர்பா காந்தி கன்யா குருகுலம் இன்றும் ஊரில் நடக்கிறது. தூணைப் பார்த்ததும் திரும்பிவிடாமல் பக்கத்து உப்பளத்தில் வேலை நடக்கிறதா பாருங்கள். வெயிலுக்கு முன் வேலையை முடிக்க அதிகாலையிலேயே இறங்கிவிடுவார்கள். வரப்பில் நடக்குமுன் அனுமதி கேளுங்கள், பாத்திக்குள் கால் வைக்காதீர்கள். வெறும் பாதமும் வெள்ளைத் தரையில் திரும்பி அடிக்கும் வெயிலுமாக அவர்கள் வேலை செய்வதை ஒரு தடவை பார்த்தவர்கள் 1930-ஐப் புரிந்துகொள்ள அதிகம் படிக்க வேண்டியதில்லை.

இங்கிருந்து கோடியக்கரை பதினோரு கிலோமீட்டர். வழியில் கோடியக்காட்டில் குழகர் கோயில். கடற்கரையில் இப்படித் துணையின்றித் தனியே இருக்கிறாயே என்று சுந்தரர் இறைவனிடம் வருந்திப் பாடிய தலம். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குப் பூங்குழலியின் நினைவு வரும், வரட்டும். கல்கி எழுதிய அந்தக் காடும் சதுப்பும் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தின் இடிபாடு மட்டும் சுனாமியோடு போய்விட்டது.

1967-இல் சரணாலயமான இந்தக் காட்டில் வெளிமான்கள் திறந்த புல்வெளியில் மேயும். சதுப்பில் நவம்பர் முதல் ஜனவரி வரை பூநாரைகள் வரும். 2002-இலிருந்து ராம்சார் பட்டியலில் இருக்கும் ஈரநிலம் இது. வனத்துறை வாயிலில் சீட்டு வாங்கிக்கொண்டு காலை ஆறரைக்குள் உள்ளே போய்விடுங்கள். ஹாரன் அடிக்காதீர்கள், குரங்குக்கும் குதிரைக்கும் தின்பண்டம் போடாதீர்கள், பிளாஸ்டிக் பையை உள்ளே கொண்டுபோகவே வேண்டாம். இராமர் பாதம் இருக்கும் மேடுதான் இந்தப் பகுதியின் உயரமான இடம். அங்கே ஏறினால் காடும் சதுப்பும் கடலும் ஒரே பார்வையில் கிடைக்கும்.

திரும்பும் வண்டிகள் இங்கிருந்து குறைவு. அகத்தியம்பள்ளிக்குத் திருத்துறைப்பூண்டியிலிருந்து 2023-இல் அகல ரயில் பாதை வந்துவிட்டது என்றாலும் ஓடும் ரயில்கள் கொஞ்சம்தான். கோடியக்கரையில் இறங்கும்போதே, வேதாரண்யத்துக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று நடத்துனரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.